பழைய ரேஸ் சைக்கிளில் செயின் தாவுகிறதா, கியர் விழவில்லையா? ஸ்க்ரூவைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலுக்கு வரும் பழைய ரேஸ் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். தாத்தாவுடையது அல்லது மாமாவுடையது. குடும்பம் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாறியபோது கூடவே வந்து, கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் இருபது இருபத்தைந்து வருடம் சாய்ந்து கிடந்தது. பேரன் தூசி தட்டி, டயர் மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லிந்தாங் சாலையில் ஓட்டிப் பார்க்கிறான். மேடு வந்ததும் செயின் டக்கென்று தாவுகிறது. கியரைத் தள்ளினால் விழுவதில்லை, விழுந்தாலும் நிற்பதில்லை. உடனே அவன் கண்ணில் படுவது பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். அவற்றை ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி எனத் திருகிவிட்டுத்தான் என்னிடம் வருகிறான். அப்போது பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துவிட்டிருக்கும்.

அந்த இரண்டு ஸ்க்ரூவும் கடைசி வேலை. ஓடாமல் நின்ற சைக்கிளில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. செயின் துருப்பிடித்திருக்கும், கேபிள் உறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) தொங்கும் இரும்புக் காது எங்கோ இடித்து வளைந்திருக்கும். அதனால் செயினில் தொடங்கிப் படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். நான் செய்கிற வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

எந்தச் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறோம்

1970களிலும் 80களிலும் வந்த இரும்புச் சட்ட ரேஸ் சைக்கிள்கள். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து அல்லது ஆறு. அதனால்தான் இவற்றை டென் ஸ்பீட், டுவெல்வ் ஸ்பீட் என்கிறோம். கியர் லீவர் இரண்டும் சட்டத்தின் சாய்ந்த கீழ்க்குழாயில் இருக்கும். லீவரில் டிக் டிக் என்ற சத்தம் கிடையாது. கையால் தள்ளி, காதால் கேட்டு, சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஜப்பானிய உதிரிப்பாக நிறுவனமான ஷிமானோ 1984இல் டியூரா ஏஸ் வரிசையில் எஸ்.ஐ.எஸ். என்ற டிக் டிக் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வசதி மெல்லப் பரவியது. ஆகவே உங்கள் லீவர் வழுக்கிக்கொண்டு போவது கோளாறு அல்ல, அதன் வடிவமே அப்படி. உராய்வினால்தான் அது நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் ஓட்டிப் பார்த்து, காலால் கேளுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டுங்கள். தாவல் எப்போது வருகிறது என்று கவனித்தாலே இடம் தெரிந்துவிடும். இதற்கு ஒரு கணக்கு உண்டு.

இந்தச் சைக்கிள்களில் செயின் ஏறக்குறைய 108 கண்ணி இருக்கும். முன்னால் பெரிய சக்கரம் 52 பல் என்றால், செயின் ஒரு முழுச் சுற்று வர பெடலை இரண்டு சுற்றுக்குச் சற்றே அதிகமாக மிதிக்க வேண்டும். சின்னச் சக்கரம் 42 பல் என்றால் இரண்டரைச் சுற்று. தாவலோ துள்ளலோ இந்தக் கணக்கில், இரண்டு இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் வந்தால், செயினில் ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பெடல் சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் முன் பல்சக்கரம் வளைந்திருக்கிறது, அல்லது அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது. எந்தக் கணக்கும் இல்லாமல், அழுத்தி மிதிக்கும்போது மட்டும், அதுவும் பின்னால் சின்னப் பல்சக்கரங்களில் தாவினால் தேய்மானம்தான் காரணம்; சின்னதில் செயினைப் பிடிக்கும் பற்களின் எண்ணிக்கை குறைவு, அதனால் அங்கேதான் முதலில் தெரியும். செயின் தாவாமலே பெடல் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டால் பின் பல்சக்கரத் தொகுப்பான ஃப்ரீவீலுக்குள் கோளாறு. நிமிர்ந்து நின்று மிதிக்கும்போது கியர் தானாகச் சின்னதுக்கு இறங்கினால் லீவர் தளர்ந்திருக்கிறது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வந்ததைக் குறித்து வையுங்கள்.

செயின்: கழுவு, அள, முடிவெடு

நம் ஊர்க் காற்றுக்கு எண்ணெய் இல்லாத செயின் ஓர் இரவுக்கு மேல் தாங்காது. மாலை மழையில் நனைந்த சைக்கிளைத் துடைக்காமல் சாய்த்து வைத்தால் காலையில் செம்மண் நிறம். அதோடு தோட்டத்துச் சாலைப் புழுதியும் சேர்ந்தால், செயினுக்குள் அரைக்கும் பசை தயார்.

செயின் கழற்றும் கருவியால் ஒரு ஆணியைத் தள்ளிச் செயினைக் கழற்றுங்கள். மைலோ டின்னில் பாதி மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பெட்ரோல் மட்டும் வேண்டாம், அதன் ஆவி ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். துருநீக்கி அமிலமும் வேண்டாம். வெளியே பளபளக்கும், உள்ளே இரும்பு பலவீனமாகிவிடும். இரண்டாவது முறை சுத்தமான மண்ணெண்ணெயில் அலசி, துணியால் துடைத்து, வெயிலில் காயப் போடுங்கள்.

காய்ந்த பிறகு அளவு. சைக்கிள் செயினில் ஆணிக்கு ஆணி தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். தையல் நாடா வேண்டாம், இரும்பு ஸ்கேல் எடுங்கள். செயினைத் தொங்கவிட்டு, ஒரு ஆணியின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால் இருபத்து நான்காவது ஆணியின் நடு 304.8 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். 306.4 வரை போயிருந்தால், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால், செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 308ஐத் தொட்டிருந்தால் பின் பல்சக்கரங்களும் அந்தச் செயினோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்; செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் உட்காராமல் முன்பைவிட மோசமாகத் தாவும். இதைத் தெரியாமல், "புதுச் செயின் போட்டும் தாவுதே அண்ணே" என்று வந்தவர்கள் பலர்.

இறுகிய கண்ணியைக் கண்டுபிடிப்பது சுலபம். செயினை மாட்டி, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே பின் டெரெய்லரின் இரண்டு சின்ன உருளைகளைப் பாருங்கள். இறுகிய கண்ணி அதைக் கடக்கும்போது டெரெய்லர் கை ஒரு துடி துடிக்கும். அந்தக் கண்ணியின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து, செயினைப் பக்கவாட்டில் மெதுவாக இப்படியும் அப்படியும் வளைத்தால் தளரும். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நான்கைந்து கண்ணிகள் அப்படி இருந்தால் போராட வேண்டாம், புதுச் செயின் வாங்கிவிடுங்கள்.

புதுச் செயின் வாங்கும்போது நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தோட்டத்து நகரங்களின் சைக்கிள் கடைகள் வளர்ந்ததே பெரிய இரும்புச் சைக்கிள்களால். ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு என் அப்பா வேலைக்குப் போன சைக்கிளும் அதுதான். கியர் இல்லாத அந்தச் சைக்கிளின் செயின் உள்ளகலம் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.2 மில்லிமீட்டர். நம் கியர் சைக்கிளுக்கு வேண்டியது முப்பத்திரண்டில் மூன்று, 2.4 மில்லிமீட்டர். கடையில் "சைக்கிள் செயின் ஒன்று" என்று மட்டும் கேட்டால் முதலாவது கைக்கு வரும். அதை மாட்டவும் முடியும், ஓட்டவும் முடியும்; ஆனால் அதன் தடிமனுக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசிக்கொண்டே இருக்கும், கியர் மாறாது. ஒரு பையனின் சைக்கிளில் இரண்டு மாதம் டெரெய்லரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோளாறு முழுவதும் இந்தச் செயின்தான். கடையில் "6, 7, 8 ஸ்பீட் செயின்" என்று தெளிவாகக் கேளுங்கள். கே.எம்.சி. செயின்கள் இங்கே பரவலாகக் கிடைக்கின்றன, கையால் பூட்டும் இணைப்புக் கண்ணியோடு வருவதை வாங்கினால் அடுத்த முறை கழுவுவது எளிது. இந்தக் காலச் செயின் பக்கவாட்டில் நன்றாக வளைவதால், பழைய டெரெய்லரிலும் கியர் முன்பைவிட மென்மையாக மாறும். காசுக்குக் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் என் கணக்கில் இதுதான்.

நீளம்: டெரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரியது, பின்னால் பெரியது, இரண்டின் மேலும் செயினைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூடுதலாக விட்டு வெட்டுங்கள். செயின் குட்டையாக இருந்து தவறிப் பெரியதுக்குப் பெரியது போட்டுவிட்டால் டெரெய்லரே பிய்ந்து வரும்.

எண்ணெய் கண்ணிக்கு ஒரு சொட்டு, உருளையின் மேல். இரவு ஊறவிட்டு, காலையில் வெளிப்புறத்தைத் துணியால் காயத் துடையுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. வெளியே இருப்பது மண்ணைச் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சில வாரத்தில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு மழைக்கே ஓடிவிடும். ஈரத்துக்கென்று விற்கும் சைக்கிள் செயின் எண்ணெய் ஒரு புட்டி நீண்ட நாள் வரும்.

ஃப்ரீவீல்

பின்னால் அடுக்கி நிற்கும் பல்சக்கரத் தொகுப்பு முழுவதும் ஃப்ரீவீல். பற்களைப் பக்கத்திலிருந்து பாருங்கள். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருக்கும். தேய்ந்த பல் சுறாவின் துடுப்புபோல ஒரு பக்கம் சாய்ந்து கொக்கியாகும். வழக்கமாக, தினம் ஓட்டிய ஒன்றிரண்டு பல்சக்கரம்தான் அப்படி ஆகியிருக்கும்.

பெடல் வெறுமனே சுற்றும் கோளாறுக்குக் காரணம், உள்ளே இருக்கும் கொக்கிகள் காய்ந்த கிரீசில் ஒட்டிக்கொண்டு எழும்பாமல் கிடப்பது. சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்து, சுழலும் பாகத்துக்கும் சுழலாத பாகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். கறுப்பு நீர் வருவது நிற்கும்வரை செய்துவிட்டு, மெல்லிய எண்ணெய் விடுங்கள். க்ளிக் க்ளிக் சத்தம் கூர்மையாகத் திரும்பி வரும். மூடியைத் திறக்க ஆசைப்பட வேண்டாம்: அது இடது மரை, உள்ளே எள்ளுருண்டையைவிடச் சின்னக் குண்டுகள் நிறைய.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சரியான கழற்றி தேவை. ஷிமானோவுக்குப் பன்னிரண்டு வரி கொண்டது, பழைய சன்டூருக்கு இரண்டு காது அல்லது நான்கு காது. கழற்றியைச் சக்கரத்தின் அச்சுக் கம்பியால் இறுக்கிப் பிடித்து, வைசில் கவ்வி, சக்கரத்தையே லாரி ஸ்டீயரிங்போல இடப்பக்கமாகத் திருப்புங்கள். அசைந்ததும் அச்சுக் கம்பியைத் தளர்த்திவிட வேண்டும். பின் சட்டத்தின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்: 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பல்சக்கரத்துக்கானது, 126 என்றால் ஆறு, ஏழுகூடப் போடலாம். ஷிமானோவின் இக்கால ஆறு, ஏழு ஸ்பீட் ஃப்ரீவீல்களில் பற்களில் செயின் எளிதாக ஏற வெட்டு வைத்திருப்பார்கள், பழைய லீவரோடும் நன்றாகச் சேரும். ஆனால் அவற்றில் பலவற்றில் பெரிய பல்சக்கரம் 28 பல். ரேஸுக்கென்று செய்த குட்டைக் கை டெரெய்லர் சிலவற்றுக்கு 26க்கு மேல் எட்டாது. வாங்கும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின் சக்கரமும் காதும்

செயின் நன்றாக இருந்தும் கியர் ஒழுங்கில்லை என்றால் பெரும்பாலான நேரம் நான் காரணத்தைக் கண்டது இங்கேதான்.

முதலில் சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய சட்டத்தில் அச்சு உட்காரும் பிளவு படுக்கை வாக்கில் நீளமாக இருக்கும். சரியாக இறுக்காவிட்டால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது வலப்பக்கம் முன்னால் இழுபட்டு, டயர் இடப்பக்கக் குழாயில் உரசும். நேராக வைத்து நன்றாக இறுக்குங்கள். அச்சும் வளைந்திருக்கலாம், ஃப்ரீவீல் வகையில் வலப்பக்கத்துத் தாங்கி உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் மேல் பாரம் அதிகம். சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் சுற்றினால் அதன் நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் வளைந்துவிட்டது.

இப்போது காது. டெரெய்லர் திருகப்பட்டிருக்கும் இரும்புப் பகுதியைத்தான் சொல்கிறேன். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் விழுந்தால் போதும், காது உள்பக்கம் சாயும். சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டெரெய்லரின் இரண்டு உருளைகளையும் பல்சக்கரத்தையும் ஒரே கோட்டில் பாருங்கள். கீழ் உருளை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் வளைவு உண்டு.

இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, ஆனால் நம் ஊரில் யாரிடமும் பார்க்கவில்லை. அது இல்லாமல் செய்யும் வழி: காதின் துளை 10 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிளின் பின் சக்கர அச்சும் பெரும்பாலும் அதே அளவு. டெரெய்லரைக் கழற்றிவிட்டு, இன்னொரு ரேஸ் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கொண்டுவந்து, அதன் அச்சு முனையைக் காதில் விரலால் திருகுங்கள். தடங்கல் இல்லாமல் ஏறினால்தான் தொடர வேண்டும். கட்டாயப்படுத்தினால் மரை போய்விடும். முன் சக்கரம் உதவாது, அதன் அச்சு 9 மில்லிமீட்டர். இப்போது இரண்டு சக்கரமும் பக்கம் பக்கமாக நிற்கும். இரண்டு ரிம்முக்கும் நடுவிலுள்ள தூரத்தை மேலே, கீழே, முன்னால், பின்னால் அளந்து பாருங்கள். எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை, கூடுதல் சக்கரத்தைப் பிடித்து மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். இரும்பு இதைத் தாங்கும், ஆனால் இங்கும் அங்குமாக ஆட்டி ஆட்டி வளைத்தால் அதுவும் ஒடியும். அலுமினியச் சட்டத்தில் இதைச் செய்யவே கூடாது. பழைய பிரெஞ்சுச் சைக்கிள் சிலவற்றில் இந்தத் துளையின் அளவே வேறு, அவற்றில் இந்த வழி ஆகாது.

கேபிளும் லீவரும்

கேபிளைக் கழற்றி, உறைக்குள் விட்டு விரலால் இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோலப் போக வேண்டும். கரகரத்தால் இரண்டையும் மாற்றுங்கள், சில வெள்ளிதான் (ரிங்கிட்) செலவு. கியர் கேபிள் 1.2 மில்லிமீட்டர் தடிமன். மோட்டார் கடையில் கொடுக்கும் தடித்த கேபிள் பொருந்தாது. பின் டெரெய்லருக்கு அருகிலுள்ள குட்டை வளைவு உறைதான் முதலில் துருப்பிடிக்கும் இடம், மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் செல்லும் வழிகாட்டியில் செம்மண் கட்டியாக இறுகியிருக்கும். சுரண்டி எடுத்து ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். டெரெய்லரின் நான்கு மூட்டுகளிலும் ஆளுக்கொரு சொட்டு எண்ணெய்.

லீவரின் நடுவில் வளையம் உள்ள ஸ்க்ரூ இருக்கும். கியர் தானாக இறங்கினால் அதைக் கால் சுற்று இறுக்குங்கள். டெரெய்லரின் ஸ்ப்ரிங் எப்போதும் கேபிளைச் சின்னப் பல்சக்கரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, லீவரின் உராய்வு அதைவிடச் சற்றே அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இறுக்கியும் வழுக்கினால் கழற்றி வட்டுகளைத் துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள். யாரோ அன்பாக எண்ணெய் விட்டிருப்பார்கள். கழற்றும்போது வட்டுகளின் வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு ஸ்க்ரூ

இவை கியரைச் சரிசெய்வதில்லை. டெரெய்லர் எதுவரை போகலாம் என்று வேலி மட்டும் போடுகின்றன. ஒன்று சின்னப் பல்சக்கரப் பக்கத்து எல்லை, மற்றது பெரிய பக்கத்து எல்லை. சின்னப் பக்கத்துக்கு ஹெச், பெரிய பக்கத்துக்கு எல் என்று எழுத்து இருக்கலாம், பழையதில் இல்லாமலும் இருக்கலாம். எழுத்து இல்லையென்றால் ஒன்றை அரைச் சுற்றுத் திருப்பி எது அசைகிறது என்று பார்த்துவிடுங்கள்.

சைக்கிளின் பின் பக்கத்தைத் தூக்கிக் கட்டுங்கள். லீவரை முழுக்க முன்னால் தள்ளி, கேபிளைத் தளர்த்தி விடுங்கள். மேல் உருளை சின்னப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே வரும்படி ஹெச் ஸ்க்ரூவை வையுங்கள். கேபிளைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பிறகு பெடலைச் சுற்றிக்கொண்டே, லீவரால் அல்ல, கையால் டெரெய்லரை உள்ளே தள்ளுங்கள். செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏற வேண்டும், ஆனால் அதைத் தாண்டி ஸ்போக்கின் பக்கம் ஒரு இம்மிகூடப் போகக் கூடாது. எல் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகி அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். வேகமாக ஓடும்போது டெரெய்லர் ஸ்போக்குக்குள் போனால் சக்கரம், டெரெய்லர், காது மூன்றும் ஒரே நொடியில் போகும், ஓட்டுபவரும் விழுவார்.

முன் டெரெய்லருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் கூட்டின் வெளித்தகடு பெரிய பல்லுக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில், சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். முன்னால் சின்னது, பின்னால் பெரியது போட்டு, உள்தகட்டுக்கும் செயினுக்கும் ஒரு மயிரிழை இடம் விடுங்கள். பின் கியரை மாற்றும்போது முன்னால் உரசல் கேட்டால் இடது லீவரைச் சற்றே அசைத்தால் போதும், இந்த வகைச் சைக்கிளில் அது வழக்கமே. பெரியதுக்குப் பெரியது, சின்னதுக்குச் சின்னது என்று ஓட்டாதீர்கள். செயின் கோணலாக இழுபட்டுச் சீக்கிரம் தேயும்.

ஓட்டிச் சோதித்தல்

கட்டித் தூக்கிய சைக்கிளில் எல்லாம் அழகாக மாறும், பாரம் ஏறும்போதுதான் உண்மை தெரியும். செம்பனை லாரிகள் ஓடாத ஞாயிறு காலையில், முதலில் சமதரையில் பின் கியர் அத்தனையையும் மேலும் கீழும் ஓட்டுங்கள். மாற்றும்போது மிதியை நிறுத்தாமல், ஆனால் பாரத்தைக் குறைத்து மிதியுங்கள். லீவரை வேண்டிய இடத்துக்குச் சற்றே தாண்டித் தள்ளி, செயின் ஏறிய சத்தம் கேட்டதும் உரசல் நிற்கும் அளவுக்குப் பின்னால் கொண்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். பிறகு ஒரு மேட்டில் உட்கார்ந்தபடி அழுத்தி மிதியுங்கள். அப்போது தாவாவிட்டால் கடைசியாக நின்று மிதியுங்கள்.

புதுக் கேபிள் முதல் சில நாளில் கொஞ்சம் தொய்யும், ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டிவரும். தாவல் திரும்ப வந்தால் முதலில் எழுதிய தாளை எடுத்து, எத்தனை பெடல் சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று மறுபடி எண்ணுங்கள். என்னிடம் சைக்கிளைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.